இன்லாண்டு கடிதத்தில் ஒரு காதல் கதை: எழுதி, ஒட்டி, கிழித்துப் பார்த்த அனுபவம்

கிழித்த இன்லாண்டு கடிதத்தின் பின்பக்கத்தை மேசை விளக்குக்கு எதிரே பிடித்தபோது, ஒட்டிக்கொண்டிருந்த மெல்லிய தாளுக்குள் சிவப்பு எழுத்துகள் இடவலம் மாறித் தெளிவாகத் தெரிந்தன. பல மாதமாக நகராமல் நின்ற என் குறுநாவலின் கடைசிப் பகுதி அந்த நிமிடம் நகர்ந்தது. கடிதங்களாலேயே ஒரு காதல் கதை எழுத நினைப்பவர்களுக்கு உதவலாம் என்று, செய்தவற்றை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

கதை 1979-80இல் நடக்கிறது. கும்பகோணத்தில் ஒரு ஆரம்பப் பள்ளி ஆசிரியை கோமதி. திருச்சியில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோக்கும் தியாகு. பள்ளி ஆண்டு மலரை அச்சடிக்கும் வேலையில் அறிமுகம், பிறகு கடிதம். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர்தான், ஆனாலும் ஒரு பெண் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம் அல்ல அது, அந்தக் காலத்தில். அந்த ஆண்டுகளை நான் வேண்டுமென்றே எடுத்துக்கொண்டேன். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பெரியார் 1935இலேயே தன் இதழில் புழங்கிய வடிவங்கள் அப்போதுதான் பாடப்புத்தகத்துக்குள் வந்தன. ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று மொத்தம் 13 எழுத்துகளுக்குப் புது உரு. ஆசிரியைக்கும் அச்சுக்கோப்பவருக்கும் இதைவிட நெருக்கமான பேச்சுப்பொருள் இருக்க முடியாது. அவள் கை பழைய லையை விடமாட்டேன் என்கிறது. அவனுக்கோ அந்த லைக்கான தனி அச்சைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒதுக்கிவிட்டு, ஐகாரக் கொம்பையும் லகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் வேலை. கதையின் நடுவில் ஒரு கடிதத்தில் அவள் முதல் முறையாகப் புது லை எழுதுகிறாள். யாருக்காக மாற்றிக்கொண்டாள் என்று அவனுக்குத் தெரியும். காதல் என்ற சொல் அந்தக் கடிதத்தில் இல்லை.

முதல் சில கடிதங்களைக் கணினியில் தட்டினேன். நன்றாக ஓடியது. ஒவ்வொன்றும் 800, 900 சொல். அதைக் கும்பகோணத்தில் இருக்கும் என் சித்தி மகளிடம் படிக்கக் கொடுத்தேன். "அக்கா, இவ்வளவு நீளம் எழுதினா கவர்லதான் போட்டிருப்பாங்க. கவர்ல வந்தா வீட்ல எல்லாரும் கேள்வி கேப்பாங்களே" என்றாள். அங்கேயே தட்டச்சை நிறுத்திவிட்டுத் தபால் நிலையத்துக்குப் போனேன்.

இன்லாண்டு ஒன்று 2 ரூபாய் 50 காசு. நூறு ரூபாய்க்கு நாற்பது கிடைத்தது. கூடவே 50 காசு அஞ்சலட்டைகள் கொஞ்சம். இந்த முயற்சியில் நான் செய்த மிகச் சிறந்த செலவு இதுதான்.

இன்லாண்டில் உள்ளே மூன்று மடிப்புப் பகுதி. வெளியே மடிந்து மறையும் ஒரு பகுதி. அதிலும் எழுதலாம். என் கையெழுத்தில், வரிக்கு வரி சாதாரண இடைவெளி விட்டால், முழுதும் சேர்த்து 230லிருந்து 250 சொல் வரை கொள்கிறது. நெருக்கி எழுதினால் 300. அதற்கு மேல் எழுத ஓரத்தில்தான் இடம். பக்கவாட்டில் தாளைத் திருப்பி, நெடுக்காக எழுதும் அந்த ஓர வரிகளை அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்த பழைய கடிதங்களில் கவனித்தேன். உள்ளே சௌக்கியம், மழை, ஆண்டிறுதித் தேர்வு, யாருக்கோ காய்ச்சல். சொல்ல நினைத்த விஷயம் ஓரத்தில். அநேகமாக எல்லாக் கடிதத்திலும் அப்படித்தான். 900 சொல் கடிதத்தில் எனக்குக் கிடைக்காதது இந்த ஓரம். எல்லாவற்றையும் சொல்ல இடம் இருந்ததால் என் கோமதி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனவே தட்டியதை ஒதுக்கிவிட்டு, எல்லாக் கடிதத்தையும் கையால் இன்லாண்டில் நேரடியாக எழுதினேன். அடித்தல் திருத்தல் வந்தால் வரட்டும். அதுவும் கடிதத்தில் இருக்கும்.

பழைய எழுத்து வடிவங்களுக்குக் கையைப் பழக்குவது நினைத்ததைவிடக் கடினம். அம்மா இன்றும் லையை மேலே தும்பிக்கை போட்டுத்தான் எழுதுகிறாள். "எழுதிக் காட்டும்மா" என்றால் வேகமாக எழுதிவிடுவாள். எங்கே தொடங்கி எங்கே வளைக்கிறாள் என்று பிடிபடவில்லை. மெதுவாக எழுதச் சொன்னால் அவளுக்கே கை தடுமாறியது. கடைசியில் கைபேசியில் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டேன். நான்கு கோடு நோட்டு ஒன்று முழுக்க லை, னை, ணை. றா, னா இரண்டும் பிறகு எளிதாக வந்தன. ணாவில்தான் சுழியின் எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது.

தியாகுவின் கடிதங்களையும் நானே எழுதினேன். அடுக்கிப் பார்த்தால் இரண்டும் ஒரே கை என்று குழந்தைகூடச் சொல்லும். சாய்வு ஒன்று, மெய்ப்புள்ளி வைக்கும் பாங்கு ஒன்று. பேனாவை மாற்றினேன், மை மாற்றினேன், இடதுபக்கம் சாய்த்து எழுதிப் பார்த்தேன், பலனில்லை. தம்பியைக் கூப்பிட்டு, வாசகத்தைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தேன். அவன் பாதியில் நிறுத்தி, "இந்த வரியை எந்த ஆம்பளையும் இப்படி எழுத மாட்டான்க்கா, 'உடம்பைப் பாத்துக்கோங்க'ன்னு முடிச்சிருப்பான்" என்றான். அப்படியே அந்த வரியை முடித்துக்கொண்டோம். தியாகுவின் கடிதங்கள் பாதியாகச் சுருங்கின, ஆளுக்கு உயிர் வந்தது.

அடுத்தது நாட்கணக்கு. இதைக் கற்பனையில் விட மனம் வரவில்லை. அம்மாவின் பழைய கடிதங்களில் அனுப்பிய ஊர் முத்திரை, சேர்ந்த ஊர் முத்திரை இரண்டும் இருந்தன. பூதக்கண்ணாடி வைத்து, படிக்க முடிந்ததை எல்லாம் ஒரு கிராஃப் தாளில் குறித்தேன்: மேல் கோடு கும்பகோணம், கீழ்க்கோடு திருச்சி, நடுவே சாய்கோடாகக் கடிதங்கள். ரயில் கால அட்டவணை போடுகிறவர்கள் இப்படித்தான் கோடு போடுவார்கள். போட்டு முடித்ததும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இருவரும் பதிலுக்குக் காத்திராமல் எழுதும் வாரங்களில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அவன் கடிதம் அவன் கையை விட்டுப் போன பிறகுதான் அவள் கேட்ட கேள்வியே வந்து சேருகிறது. இந்த வெட்டுப்புள்ளிகளை எண்ணி, ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி வைத்தேன். கதையின் நடுப்பகுதி முழுவதும் அந்தத் தாளிலிருந்து வந்தது.

இதற்கிடையில் வாசிப்பு. அந்த மாதங்களில் சங்க அகப்பாடல்களைத் திரும்ப எடுத்துவைத்திருந்தேன். குறுந்தொகை 66ஆம் பாட்டில் கொன்றை பூத்துவிடுகிறது. கார்காலத்தில் வருகிறேன் என்று போனவன் வரவில்லை. தோழி சொல்கிறாள்: இது கார்மழையே இல்லை, காலம் தப்பிய வம்ப மாரி, அறியாத மரம் ஏமாந்து பூத்துவிட்டது. தலைவியைத் தேற்ற ஒரு மரத்தையே முட்டாளாக்கும் அந்த அன்பு எனக்கு வேண்டியிருந்தது. கோமதியோடு வேலை பார்க்கும் சாரதா டீச்சர் அந்தப் பாட்டிலிருந்து வந்தவள். பதில் வராத நாட்களில் அவள் சொல்வது: "மகாமகத்துக்கு ஊரே திரண்டு வருது, தபால் பை எங்கேடி ஒழுங்கா வரும்?" அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

மகாமகம் வந்தது இப்படித்தான். 1980 மாசியில் கும்பகோணத்தில் மகாமகம்; அன்று குளக்கரையில் இருவரும் சந்திக்க வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்னால், பிப்ரவரி 16, சனிக்கிழமை, சூரிய கிரகணம். கர்நாடகம், ஆந்திரம், ஒடிசா வழியே முழு கிரகணம். தமிழ்நாட்டில் பகுதி கிரகணம். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வரும், சூரிய கிரகணம் அமாவாசையில்தான் நடக்கும். ஆக, கிரகணத்தன்று எழுதும் ஒரு கடிதத்துக்கும் குளக்கரைச் சந்திப்புக்கும் நடுவே வளர்பிறை நாட்கள் மட்டுமே. நாள்காட்டியே எனக்குக் கெடு வைத்துக் கொடுத்துவிட்டது. சனிக்கிழமை கிரகணம் விட்டுக் குளித்துவிட்டுப் போய்ப் போட்டால் கடைசித் தபால் எடுத்திருப்பார்கள். ஞாயிறு போய்விடும். திங்கள் கிளம்பி, புதன்வாக்கில் திருச்சி. மகத்துக்கு மீதி பத்து நாள்.

அந்தக் கடிதத்தில் தவறான புரிதல் ஒன்று நிகழ வேண்டும். காதல் கதைகளில் இந்த இடத்தில் பொதுவாக ஒரு மூன்றாம் ஆள் கடிதத்தை ஒளித்துவைப்பார். எனக்கு அதில் விருப்பமில்லை. சாரதா ஆவி காட்டிக் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதாக ஒரு யோசனை இருந்தது. இட்லிப் பானை ஆவியில் பிடித்துப் பார்த்தேன். ஒட்டு விடுகிறது, ஆனால் தாள் சுருங்கி, மை கசிந்து, யார் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். தவிர, சாரதா அப்படிச் செய்கிறவள் இல்லை. கைவிட்டேன்.

பழைய கடிதங்கள் பக்கம் திரும்பினேன். பாதிக்கு மேல் ஓரம் கிழிந்தவை. அவசரத்தில் விரலை விட்டுப் பிரித்தவை. சில கடிதங்களில் ஓர வரியின் வால் கிழிசலோடு போயிருந்தது. அப்போதுதான் அந்த வாக்கியம் தோன்றியது: "மகாமகத்துக்கு வர வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை." தமிழில் வினை கடைசியில் நிற்கிறது. பின்பாதி போய்விட்டால் மிஞ்சுவது "வர வேண்டாம்".

இனி இது உண்மையில் நடக்குமா என்று பார்க்க வேண்டும். ஒட்டும் பட்டை என் ஸ்கேலில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அதில் ஒரே ஒரு வரி எழுதலாம். முன்பாதியை ஓரத்திலும் பின்பாதியைப் பட்டையிலும் எழுதி, விதவிதமாக ஒட்டி, இரவு முழுக்க அகராதிக்கு அடியில் வைத்து, காலையில் பிரித்தேன். ஊற்றுப்பேனாவும் ராயல் புளூ மையும் வைத்து எழுதி, கோந்து பாட்டிலால் ஒட்டியதில் ஈரம் பட்டு எழுத்து முழுக்கக் கலங்கிப் போனது; நீல மேகம்தான் மிச்சம். பசைக் குச்சி போட்டதில் கடிதம் கிழியாமல் சமர்த்தாகப் பிரிந்து வந்தது, கதைக்கு உதவாது. சோற்றுப் பருக்கைதான் நான் தேடியதைக் கொடுத்தது. இரண்டு பருக்கையை விரலால் மசித்துத் தடவினால் ஈரம் குறைவு, காய்ந்தபின் பிடி அதிகம். பிரிக்கும்போது பட்டை முழுதாக வராமல் தாள் இரண்டு ஏடாகப் பிளக்கிறது. எழுத்து இருந்த ஏடு எதிர்ப்பக்கத்திலேயே, அனுப்புநர் முகவரிக்குப் பக்கத்தில், முகம் குப்புற ஒட்டிக்கொள்கிறது. ஸ்கேலை விட்டுப் பிரித்தால் பிளவு ஒழுங்காக வருவதில்லை. பிளேடால் மடிப்பை அறுத்தால் எழுத்து இரண்டு முழுத் தாளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. விரல்தான் சரி. தியாகு அவசரக்காரன் ஆனது இதனால்தான். அதுவரை அவனை நிதானமானவனாக எழுதியிருந்தேன்.

மை மட்டும் பாக்கி. பருக்கையின் சிறிய ஈரத்துக்கும் ராயல் புளூ லேசாகப் பரவியது. பால்பாயிண்ட் பரவவில்லை. ஆனால் கோமதி ஊற்றுப்பேனாக்காரி. கிரகண வேளையில் மை தீர்ந்துவிட்டது, வெளியே போகக் கூடாது, வீட்டில் இருப்பது விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பால்பாயிண்ட். சிவப்பில் கடிதம் எழுதுவது ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஒரு வரிதானே என்று எழுதிவிடுகிறாள். மறுமுனையில் நீலக் கடிதத்தின் ஓரத்தில், சிவப்பில், "வர வேண்டாம்". நான் திட்டமிட்டதைவிட அடி பலமாக விழுந்தது.

அவன் எப்படிக் கண்டுபிடிக்கிறான் என்ற இடத்தில்தான் நெடுநாள் நின்றிருந்தேன். விளக்கில் பிடித்தபோது கிடைத்த விடை அதுதான். ஒட்டிய ஏட்டின் முதுகுப்பக்கத்தைப் பார்க்கிறோம், எழுத்து உள்ளே இருக்கிறது, ஆகையால் இடவலம் மாறித் தெரிகிறது. வேறு யாருக்கும் அது சிவப்புக் கிறுக்கல். ஈய எழுத்துகள் இடவலம் மாறியே இருக்கும் என்பதால், அச்சுக்கோப்பவனுக்கு அது தினசரி வாசிப்பு.

இதை உறுதிசெய்ய ஓர் ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளரைப் போய்ப் பார்த்தேன். இப்போது எழுபதுகளில் இருப்பவர். வீட்டில் ஒரு ஸ்டிக்கும் (எழுத்துகளை வரிசையாகக் கோக்கும் கைத்தட்டு) கொஞ்சம் 12 பாயிண்ட் ஈய எழுத்தும் ஞாபகத்துக்கு வைத்திருக்கிறார். நான்கைந்து எழுத்தைக் கோத்துக் கையில் கொடுத்து, "இந்தாம்மா, தலைகீழாப் புடி. இடமிருந்து வலமாப் படி" என்றார். எனக்கு ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. என் கிழிந்த இன்லாண்டை நீட்டினேன். கண்ணாடியைக்கூட மாட்டாமல், ஜன்னல் பக்கம் திருப்பி, "சொல்ல மனம் வரவில்லை" என்று சரளமாகப் படித்துவிட்டு, "பழைய லையாப் போட்டிருக்கே" என்று சேர்த்துக்கொண்டார். அந்த நேரம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் இன்னொன்றும் சொன்னார்: புரூஃபில் திருத்தம் சிவப்பில் வரும், ஆகவே சிவப்பைக் கண்டால் கை தானாக நிற்கும், விட்டுப்போனது என்ன என்று கண் தேடும். தியாகு ஏன் அந்த ஓரத்தைத் திரும்பப் பார்க்கிறான் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் என் தலையில் உதித்திருக்காது. அவன் பார்ப்பது மகத்துக்கு முந்தின நாள், இரவு ஷிப்டில்.

"பழைய லை" என்று அவர் சொன்னது கதையையும் ஒரு படி மாற்றியது. கோமதி அதற்கு முன்பே புது லைக்கு மாறிவிட்டவள். மனம் பதறி எழுதிய ஒரு வரியில் பழைய கை திரும்பிவிட்டது என்று வைத்துக்கொண்டேன். நான் அதை யோசித்து எழுதவில்லை. பழகிய கை எழுதியது. அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு அச்சு. கடிதங்களை எழுதியபடியே படமாகப் போட முடிவு செய்தேன், ஏனென்றால் நான் வைத்திருந்த யூனிகோட் எழுத்துருக்கள் எல்லாம் புது லையைத்தான் காட்டின. 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். கறுப்பு வெள்ளைக்கு மாற்றியதும் நீலத் தாளும் நீல மையும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. கிம்ப் மென்பொருளில் நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்து, சிவப்பு அலைவரிசையை மட்டும் வைத்துக்கொண்டால் நீல மை கறுப்பாக எழுந்து நிற்கிறது. அற்புதமாக வந்தது. எல்லாக் கடிதத்துக்கும் அதையே செய்து, மாதிரிப் பிரதி எடுத்துவந்து பார்த்தால், கிரகணக் கடிதத்தில் சிவப்பு வரி காணவில்லை. சிவப்பு அலைவரிசையில் சிவப்பு மை வெளுத்துப்போகும். அந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் பச்சை அலைவரிசை எடுத்தேன். நீலம் கொஞ்சம் மங்கினாலும் இரண்டும் தெரிகின்றன.

ஏ5 அளவு, 72 பக்கம், 80 ஜிஎஸ்எம் தாள், நடுவில் பின். சின்ன எண்ணிக்கையில் எடுத்ததால் பிரதி ஒன்று 85 ரூபாய் வந்தது. ஸ்கேன் நண்பர் வீட்டில், செலவில்லை. இன்லாண்டு, அட்டை, மை, பால்பாயிண்ட், கோந்து எல்லாம் சேர்த்து முந்நூறைத் தாண்டவில்லை.

அடுத்த முறை, கதைச்சுருக்கம் எழுதும் முன்பே கடிதத்தாளை வாங்கிவிடுவேன். நாள்காட்டிக் கோடுகளையும் முதலிலேயே போடுவேன். அதைப் பின்னால் போட்டதால் எழுதிவைத்த நான்கு கடிதங்களின் தேதி பொருந்தாமல், திரும்ப எழுத வேண்டி வந்தது. இரண்டு கைக்கு இரண்டு ஆள் என்பதும் தொடக்கத்திலிருந்தே. ஸ்கேன் எடுத்தபின் கிழிக்கும் சோதனையைச் செய்ய வேண்டும். நான் எடுக்காமல் கிழித்ததில் ஒரு நல்ல கடிதம் போய்விட்டது.

அடுத்த கதைக்கு யோசித்துவைத்திருப்பது தந்தி. சொல்லுக்குச் சொல் காசு என்பதால் காதலர்கள் எதை வெட்டுவார்கள், எதை வைத்துக்கொள்வார்கள் என்பதில் ஒரு கதை இருக்கிறது. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. படிவம் கிடைப்பது கடினம். அதைவிட முக்கியம், மோர்ஸ் சாவியில் வேலை பார்த்த ஒருவரோடு உட்கார்ந்து பேசுவது. எதிர்முனையில் தட்டுவது யார் என்று தட்டும் பாங்கிலேயே அடையாளம் தெரியும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கதாநாயகியைத் தந்தி அலுவலகத்தில்தான் வேலைக்கு வைத்திருக்கிறேன். திருச்சி பக்கம் ஓய்வுபெற்ற தந்தி ஊழியர்களை விசாரிக்க ஆரம்பித்தாயிற்று.